ஸ்லைடில் இல்லாத பெயர்

என் இடது கையில் அவர் ஊசி ஏற்றியது நாற்பத்து மூன்று முறை. வலது கையிலும் நாற்பத்து மூன்று. வெறும் வயிற்றுக்கு இடது, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வலது என்று அவரே பிரித்து வைத்திருந்தார். மாதம் ஒரு நாள், மூன்று வருடம் ஏழு மாதம். எண்பத்தாறு குத்தில் ஒன்றுகூட நரம்பு தவறியதில்லை. "வலிக்குதா?" என்று ஒரு முறைகூடக் கேட்டதும் இல்லை.

சுவாமிமலைக் கடைத்தெருவில் உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த லேப். படி பதினேழு. காத்திருக்க ஒன்பது நாற்காலி. அதில் ஒன்றுக்குக் கால் ஆட்டம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் ஒருவர்தான். ரத்தம் எடுப்பதும் அவர், மைக்ராஸ்கோப்பில் குனிவதும் அவர், முடிவைத் தாளில் எழுதுவதும் அவர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'லேப் அக்கா'. எனக்கு அவர் பெயர் தெரியும். எழுத மாட்டேன். நாற்பது வயதிருக்கும். தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பம். கழுத்தில் கடுகளவு சிலுவை ஒன்று, கையில் ஆண்கள் கட்டுகிற கடிகாரம். வேறு நகை கிடையாது.

முதல் நாளே என்னைத் திருப்பி அனுப்பினார்.

"வெறும் வயிறா சார்?"

"ஆமாம்மா. பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல."

"தண்ணி குடிக்கல. காப்பி குடிச்சிருக்கீங்க. சிக்கரி வாசனை இங்க வரைக்கும் அடிக்குது. நாளைக்கு வாங்க."

"காப்பி குடிச்சா வெறும் வயிறு இல்லன்னு யாரும் சொல்லலியே."

"கும்பகோணத்தச் சுத்தி பத்து மைலுக்கு எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. இங்க மட்டும் காப்பிய ஆகாரத்துல சேக்க மாட்டேங்குறாங்க. ரத்தத்துக்கு அது தெரியாதே சார்."

நாற்காலிகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஐந்து பேர். அந்த ஐந்து பேரில் இரண்டு பேர் சத்தமில்லாமல் எழுந்து படியிறங்கிப் போனதையும் பார்த்தேன். அவர்களும் காப்பி குடித்தவர்கள்.

மனிதர் சொல்வது எதையும் அவர் நம்புவதில்லை. துளியில் தெரிவதை மட்டும் நம்புவார். அதை நம்பியபின் அடக்கி வைக்க மாட்டார். முடிவுத் தாளை மடித்து உறையில் போட்டுக் கொடுக்கும் வழக்கமே அங்கே இல்லை. பெயரைக் கூப்பிட்டு, எண்ணைச் சொல்லி, அப்புறம்தான் தாளை நீட்டுவார். பள்ளிக்கூடத்தில் மார்க் வாசிப்பதுபோல.

திருவலஞ்சுழிப் பக்கத்து மிராசுதார் ஒருவர். குடியை விட்டு ஆறு மாதமாகிவிட்டது என்று மனைவி தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர். மனைவியையும் கூட்டிக்கொண்டுதான் வந்தார், சாட்சிக்கு. முப்பதுக்குள் இருக்க வேண்டிய கல்லீரல் எண் இருநூற்றுப் பதினேழு இருந்தது. அதை வாசித்துவிட்டு லேப் அக்கா கேட்டார்: "ஐயா நிறுத்திட்டீங்க, சரி. கல்லீரலுக்கு யாரும் தகவல் சொல்லலியா?" அந்த அம்மாள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நான் சிரித்தேன். என்னோடு சேர்த்து நான்கு பேர் சிரித்தோம்.

கல்யாணமாகி இரண்டாம் வருடத்தில் ஒரு பெண் வந்தாள். நாள் தள்ளிப் பன்னிரண்டு நாள். மாமியார் தலைநிறைய மல்லிகை வைத்துக் கூட்டி வந்திருந்தார். கையில் கல்கண்டுப் பொட்டலம். உள்ளே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவர் தடுப்புக்குள்ளிருந்தே, "இல்ல" என்றார். "ரெண்டு தடவ பாத்துட்டேன். இல்ல. கல்கண்ட வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, எறும்பு வரும்." மாமியார் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார். அந்தப் பெண் பதினேழு படியையும் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

ஊரில் யாராவது செத்துப்போனால் அவர் துக்கம் விசாரிக்கப் போவதில்லை. கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, "ஹீமோகுளோபின் ஆறு புள்ளி ரெண்டு" என்பார். சற்றுநேரம் கழித்து, "பாவம்" என்பார். அவ்வளவுதான். சொந்த அப்பாவுக்குச் சிறுநீரகம் போனபோதும் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து, "கிரியேட்டினின் எட்டு புள்ளி நாலுப்பா" என்று சொன்னாராம். "நாப்பத்தோரு நாள் இருந்தாரு சார். நெலத்த மூணா பிரிச்சு எழுதிட்டு, கடன் சொன்னவங்களக் கூப்பிட்டுப் பேசிட்டு, போனாரு. நான் சொல்லாம இருந்திருந்தா பாதிப் பேச்சுல போயிருப்பாரு." இதைச் சொல்லும்போதும் அவர் ஒரு ஸ்லைடைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தார்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. காரணம் இருக்கிறது. நான் நெல் கொள்முதல் நிலையங்களில் பட்டியல் எழுத்தராக முப்பத்தொரு வருடம் இருந்தவன். கருவியில் நெல்லைப் போட்டு ஈரப்பதம் பார்த்து எண்ணைச் சொல்வது என் வேலை. "பத்தொன்பது. காயவச்சு எடுத்துட்டு வா" என்று சொன்னால், வானம் மூடிக்கொண்டு நிற்கும்போது, களத்தில் அம்பாரத்தைக் குவித்துவிட்டு எதிரே நிற்கிற ஆள் காலில் விழுவான். எண் எண்தான். விழுந்தால் அது வாங்கக்கூடிய பதினேழு ஆகாது. என் பட்டியலில் முப்பத்தொரு வருடத்தில் ஒரு திருத்தம் கிடையாது. இதை அவரிடம் சொன்னபோது அவர் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். அதுவரை கையைத்தான் பார்த்திருந்தார்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒரு மாதம் சர்க்கரை ஏறியிருந்தது.

"இனிப்பு சாப்பிட்டீங்களா சார்?"

"பத்து நாளாச்சும்மா."

"பொய்."

"ஏம்மா, துளியில அதுகூடவா தெரியும்?"

"துளி எதுக்கு? நீங்க ஒம்பது நாளும்பீங்க, பதினோரு நாளும்பீங்க. உங்களுக்குப் பத்துன்னு ஒண்ணு வராதே. ரவுண்டா நம்பர் வந்தா நீங்க பொய் சொல்றீங்கன்னு அர்த்தம்."

முந்தின நாள் மாலை இரண்டு ஜாங்கிரி தின்றிருந்தேன். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன்.

என் எண்ணிக்கைமேல் இருந்த நம்பிக்கையில்தான் ஆனி மாதத்தில் என்னைக் கேட்டார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ரத்த வகை பார்த்து அடையாள அட்டையில் போட வேண்டும். "நான் வாயால சொல்லிக்கிட்டே போவேன் சார். எழுத ஒரு ஆள் வேணும். உங்கள மாதிரி எண்ணத் தெரிஞ்ச ஆளு இந்த ஊர்ல கிடையாது." என் மனைவி போனபிறகு என்னை யாரும் ஒரு வேலைக்குக் கூப்பிட்டதில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். ஒவ்வொருவர் விரலிலும் ஒரு குத்து, ஸ்லைடில் மூன்று துளி. ஒரு துளிக்கு நீல மருந்து, ஒன்றுக்கு மஞ்சள், பாசிட்டிவா நெகட்டிவா என்று பார்க்கிற மூன்றாவதற்கு நிறமில்லாதது. குச்சியால் கலக்கி ஆட்டினால் பால் திரிவதுபோல் துளி கட்டும், அல்லது கட்டாது. நீலத்தில் கட்டினால் ஏ, மஞ்சளில் கட்டினால் பி, இரண்டிலும் கட்டினால் ஏபி, இரண்டிலும் கட்டாவிட்டால் ஓ. அவர் சொல்லச் சொல்ல நான் தொண்ணூற்றாறு பக்க நோட்டில் வரிசை எண், பெயர், வகை என்று எழுதினேன். பிறகு வீட்டில் உட்கார்ந்து வகுப்புவாரியாகப் பள்ளியின் பதிவேட்டில் ஏற்றித் தர வேண்டும்.

மலைமேல் இருக்கும் முருகன் பெயர் சுவாமிநாதன். அதனால் எங்கள் ஊரில் எந்த வகுப்பில் கூப்பிட்டாலும் இரண்டு பேராவது திரும்புவார்கள். அன்று வந்த நூற்றெண்பத்தேழு பிள்ளைகளில் சுவாமிநாதன்கள் ஒன்பது. இனிஷியலைக் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும். பிள்ளைகள் இனிஷியலை ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். பதிவேட்டில் தமிழில் இருக்கிறது.

வீட்டில் ஏற்றும்போது ஆறாம் வகுப்புக்கு வந்து நின்றேன். பதிவேட்டில் 'க. சுவாமிநாதன்', 'கு. சுவாமிநாதன்' என்று அடுத்தடுத்து இரண்டு வரி. ஒருவன் கண்ணன் மகன், இன்னொருவன் குமார் மகன். என் நோட்டில் தொண்ணூற்று நாலாவது பெயர் 'கே. சுவாமிநாதன், ஏபி'. நூற்றுமுப்பத்தொன்றாவது பெயரும் 'கே. சுவாமிநாதன், ஓ'. இரண்டு பேரும் 'கே' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். போய்க் கேட்டிருக்கலாம். என் வாசலிலிருந்து பள்ளி வாசல் நானூற்றிருபத்தெட்டு அடி. ஆனால் கேட்டால், எழுதும்போதே கவனிக்கவில்லையா என்று தலைமையாசிரியர் நினைப்பார். முதலில் வந்தவனை முதல் வரியில் எழுதினேன். இரண்டாவது வந்தவனை இரண்டாவது வரியில். கடைசியில் கூட்டிப் பார்த்தேன். நூற்றெண்பத்தேழு பிள்ளைகள், நூற்றெண்பத்தேழு வகை. கணக்கு சரியாக இருந்தது.

ஐப்பசி மழையில் ஊரெல்லாம் காய்ச்சல். கண்ணன் தன் மகனைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு வந்தான். கண்ணன் சிலை வார்க்கும் பட்டறையில் அரம் போட்டு மெருகேற்றுகிறவன். விரலெல்லாம் வெண்கலத் தூள். குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்பு அவனுக்கு ரத்தம் பார்த்ததும் இதே லேபில்தான். நான் இரண்டாவது குத்துக்காகக் காத்திருந்தேன். நாற்காலிகளில் ஏழு பேர்.

அவர் படிவத்தில் எழுதுவதற்காகப் பையன் கழுத்திலிருந்த அட்டையைத் திருப்பினார். பிறகு கண்ணனைப் பார்த்தார். அவருக்கு ஊரில் பாதிப் பேரின் வகை மனப்பாடம்.

"கண்ணன், நீங்க ஓ பாசிட்டிவ்தானே?"

"ஆமாக்கா. நீங்கதான பாத்தீங்க."

"பையன் ஏபி போட்டிருக்கு."

"அதுக்கென்ன?"

"ஓ அப்பாவுக்கு ஏபி புள்ள பொறக்காது."

மழை பெய்துகொண்டிருந்தது. ஆட்டம் கண்ட நாற்காலியில் இருந்தவர் ஆடுவதை நிறுத்தினார்.

"பொறக்காதுன்னா?"

"பொறக்காதுன்னா பொறக்காதுதான். இதுல விளக்கத்துக்கு என்ன இருக்கு? ஆளு பொய் சொல்லலாம், ரத்தம் சொல்லாது. சரி, கைய நீட்டச் சொல்லுங்க."

கண்ணன் பையனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். ரத்தம் எடுக்கவே இல்லை. அவருக்கு அப்போதும் தான் ஏதும் பெரிதாகச் சொல்லிவிட்டதாகத் தோன்றவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டு 'கே'. பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று மனதுக்குள் போட்டேன். பட்டறைக்குப் போகக் கிளம்பி அறுநூற்றுப் பன்னிரண்டு அடி நடந்தேன். உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. அங்கே சிலையை முதலில் மெழுகில் செய்வார்கள். மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்தக் குழியில் உலோகத்தை ஊற்றுவார்கள். யாரோ ஒருவன், "ஏண்டா கண்ணா, மெழுகு உன்னுது, சரி. ஊத்துன உலோகம் யாருது?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கண்ணன் அரத்தைக் கீழே வைக்காமல் தேய்த்துக்கொண்டே இருந்தான். நான் திரும்பிவிட்டேன்.

மறுநாள் கண்ணன் மனைவி செல்வி, மகனோடு திருப்பனந்தாளில் இருக்கும் தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். நல்லவேளை, பையனுக்குக் காய்ச்சல் தானாக இறங்கியது. குமார் என்பவன் தன் மகனின் அட்டையை இன்றுவரை திருப்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

முப்பத்து நான்கு நாள் கழித்து செல்வி அந்தப் பதினேழு படியேறி வந்தாள், பையனைக் கையில் பிடித்துக்கொண்டு. அன்றும் என் முறை. கூட்டத்தைப் பார்த்துத்தான் வந்தாள் என்று நினைக்கிறேன். எட்டு பேர் இருந்தோம்.

"அக்கா, இவனுக்கு மறுபடி பாருங்க."

"பாத்தாச்சும்மா. ரத்த வகை என்ன, வாரத்துக்கு ஒண்ணா மாறுமா?"

"மாறாதுல்ல? அப்ப குத்துங்க. மாறாததத்தானே பாக்கப் போறீங்க."

"உன் சந்தோஷத்துக்கெல்லாம் நான் புள்ளைய குத்த முடியாது."

"சந்தோஷமா?" செல்வி சிரித்தாள். "ஏழு பேரு முன்னால என் குடும்பத்தக் குத்தினீங்களே, அப்ப யாரு சந்தோஷத்துக்குக் குத்தினீங்க?"

அவரிடம் யாரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் பையனின் விரலைப் பிடித்தார். மூன்று துளி. நீலம், மஞ்சள், நிறமில்லாதது. குச்சியால் கலக்கி ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். புது ஸ்லைடு எடுத்தார். மறுபடி மூன்று துளி. மருந்துப் புட்டிகளை மாற்றி, பிரிக்காத புட்டிகளை உடைத்து, மூன்றாவது முறை. ஒன்பது துளி. நீலத்திலும் கட்டவில்லை, மஞ்சளிலும் கட்டவில்லை.

"ஓ" என்றார். அதையும் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

பிறகு தடுப்புக்கு மேலே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"சார், அன்னிக்கி நான் சொன்னதத்தானே எழுதினீங்க?"

மற்ற ஏழு பேரும் திரும்பினார்கள். செல்வியும் திரும்பினாள். அவள் முகத்தில் அப்போது கோபம் இல்லை. பதிலுக்காக வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்தப் பதிலைச் சொல்லியிருந்தால் அவள் மறுபடி தாய்வீட்டுக்குப் பேருந்து ஏறியிருக்க வேண்டாம். இரண்டு 'கே'யையும் கண்ணன் முன்னால் நான் விரித்துக் காட்டியிருந்தால் போதும்.

"நூத்துக்கு நூறு சரிம்மா" என்றேன்.

"அந்த நோட்டு இருக்கா?"

"பழைய பேப்பர்ல போட்டுட்டேன்."

அவர் குச்சியைக் கீழே வைத்தார். பிறகு லேபின் தாளை எடுத்து, பையனின் வகை ஓ என்றும், முன்பு ஏபி என்று சொன்னது தன் தவறு என்றும் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, முத்திரை குத்தினார். செல்வியிடம் நீட்டும்போது, "தப்பு என்னுதும்மா" என்றார். எனக்கு அன்று வலது கையில் குத்தினார். அதுதான் எண்பத்தாறாவது. அதிலும் நரம்பு தவறவில்லை.

செல்வி அந்தத் தாளைக் கண்ணனிடம் கொண்டுபோனாள். அவன் வாங்கிப் பார்த்தானாம். "மொதல்ல சொன்னப்ப, யாரும் கேக்காம தானா சொன்னா. இப்ப நீ போயிக் கேட்டு எழுதி வாங்கிட்டு வந்திருக்க. இதுல எத நம்பச் சொல்ற?" என்றானாம். அதில் அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஊரே அப்படித்தான் சொன்னது. லேப் அக்கா முகத்துக்கு நேரே சொன்ன வார்த்தை பொய்யாகாது என்று அவரே அத்தனை வருடம் ஊருக்குப் பழக்கியிருந்தார். இரண்டாவது சொன்னதை நம்ப ஒருவரும் இல்லை.

லேப் முதலாளி கும்பகோணத்திலிருந்து வந்தார். "தப்புன்னு ஒருத்திக்கு எழுதிக் குடுத்துட்டா, நாளைக்கு நூறு பேரு தாளத் தூக்கிட்டு வருவான்" என்றார். அந்த வாரக் கடைசியோடு லேப் அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மிராசுதார் தன் காரில் அன்று தெருவில் இரண்டு முறை போனார். கல்கண்டு வாங்கி வந்த அந்த மாமியார், "அப்ப எங்களுக்குச் சொன்னதும் தப்பாத்தான் இருந்திருக்கும்" என்று கோயில் வாசலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் வீட்டில் நோட்டைப் பிரித்து, முன்பக்கமும் பின்பக்கமுமாக இரண்டு 'கே'யும் இருந்த தாளைக் கிழித்தேன். ஒரு தாளைக் கிழித்தால் நூலில் கோத்திருக்கும் எதிர்த்தாளும் கழன்றுவிடும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அது எழுதாத தாள். இரண்டையும் அடுப்பில் போட்டேன். நோட்டில் இப்போது தொண்ணூற்றிரண்டு பக்கம் இருக்கிறது.

இப்போது லேபில் ஓர் இளைஞன் இருக்கிறான். உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்கிறான். நூற்றறுபத்து மூன்று வந்தாலும், "கொஞ்சம் கூட இருக்கு, பயப்படாதீங்க தாத்தா" என்கிறான். இரண்டு முறை நரம்பு தவறிக் கை நீலம் பாரித்தது.

போன மாதம் கும்பகோணம் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். கையில் நீல நிற ஐஸ் பெட்டி. அதே கடிகாரம். நான் ஒதுங்கப் பார்த்தேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"வாங்க சார். இப்ப வீடு வீடா போயி எடுக்கறேன். மாயவரம் லைன். சுகர் எவ்வளவு இருக்கு?"

"நூத்தி இருபதும்மா."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் முன்பு மிராசுதாருக்குக் கிடைத்தபோது பார்த்திருக்கிறேன்.

"மாறவே இல்லியே சார் நீங்க. பொய்யின்னா ரவுண்டாத்தான் வருது." பெட்டியைக் கீழே வைத்தார். "அன்னிக்கும் நூத்துக்கு நூறுன்னீங்க."

பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரிஞ்சா... தெரிஞ்சுமா எழுதிக் குடுத்தீங்க?"

"ஸ்லைடுல தெரியறதத்தான் நான் சொல்லுவேன் சார். அன்னிக்கி ஸ்லைடுல உங்க பேரு இல்ல. நான் மொதல்ல சொன்னது தப்புங்கறது மட்டும்தான் இருந்துச்சு." பெட்டியை எடுத்துக்கொண்டார். அவருடைய பேருந்து வந்துவிட்டது. "நான் சொல்லி எவனும் நம்ப மாட்டான். கெடுத்தது நீங்க எழுதுன எழுத்து, அத நீங்கதான் சொல்லணும். கண்ணன்கிட்ட போக பயமா இருந்தா, மொதல்ல செல்விகிட்டயாவது போயிச் சொல்லுங்க. திருப்பனந்தாள் வண்டி அந்தாண்ட நிக்குது."

அவர் ஏறிப் போனார். திருப்பனந்தாள் வண்டி கைகாட்டும் தூரத்தில் நின்றிருந்தது. நடத்துநர் ஊர்ப்பெயரைக் கூவிக்கொண்டிருந்தார். உட்கார இடமும் இருந்தது.

விளக்குப் போடும்வரை அந்தத் தூணருகே நின்றேன். அதற்குள் திருப்பனந்தாளுக்கு ஏழு வண்டிகள் போயின. ஏழையும் எண்ணினேன்.